பகிஷ்காரமும் பக்கத்துணையும்

அநீதி செய்தவனோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிடுதல் ஒரு வழி; அநீதிக்கு ஆளானவன் பக்கத்தே சென்று நிற்றல் மற்றொரு வழி. இவ்விரண்டனுள் எது பயன் தருவது என்னும் வினா உரிமைப் போராட்டங்கள் பலவற்றிலும் எழுந்துள்ளது. தம் பாலார்மாட்டே காதல் கொள்வோர், இன்றைய வழக்கிற் கூறுவதாயின் தன்பாலீர்ப்பினர், அமெரிக்க நாட்டில் நடத்திய போராட்டத்திலே இதற்கு விடை தேடத்தக்க நிகழ்ச்சிகள் சில உள. அவற்றை ஈண்டு நோக்குவாம்.

புளோரிடா மாநிலத்து மியாமி நகரம் டேட் மாவட்டத்தைச் சேர்ந்தது. தன்பாலீர்ப்பினர் என்னுங் காரணத்தால் ஒருவருக்கு வேலையோ வீடோ மறுத்தலாகாது என 1977 ஜனவரியில் அம்மாவட்ட சபை விதி இயற்றிற்று. அனிற்றா பிரையன்ற் என்னும் பாடகி அதனை எதிர்த்தெழுந்தார். பிள்ளைகளைக் காப்போம் என்பதே அவர் எழுப்பிய முழக்கம். அவர் புளோரிடாத் தோடம்பழச்சாற்றின் விளம்பரத்திலே தோன்றியவர். ஆதலின் தன்பாலீர்ப்பினரும் அவர்தம் நண்பரும் அச்சாற்றைப் பகிஷ்கரித்தனர். அவர்கள் கூடும் மதுச்சாலைகளில் வொட்காவோடு தோடம்பழச்சாற்றுக்குப் பதிலாக அப்பிள்சாறு கலந்து கொடுக்கப்பட்டது. எனினும் ஜூன் 7ஆம் நாள் வாக்கெடுப்பில், விதியை நீக்குக என்றோர் மற்றையோரின் இருமடங்குக்கும் மேற்பட்டனர். பாடகியின் விளம்பர ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது 1980இல் முடிவுற்றது உண்மையே. ஆனால், டேட் மாவட்டத்தில் அத்தகைய விதி மீண்டும் உயிர்பெற 1998 வரை காத்திருக்க நேர்ந்தது.

பகிஷ்காரம் பாடகியின் வருவாயைத் தொட்டது. வாக்காளரின் நெஞ்சைத் தொடவில்லை. ஒரு பொருளை வாங்காதிருத்தல் தனித்திருந்து செய்யத்தக்க காரியம். அண்டை வீட்டாரோடு ஒரு சொல்லேனும் பேசாமல் அதனைச் செய்து முடித்து, மனநிறைவோடு உறங்கியும் விடலாம்.

அங்ஙனமாயின் பகிஷ்காரம் பயனற்றதோ எனின், அன்று. சான்பிரான்சிஸ்கோ நகரிலே 1970களின் முற்பகுதியில் பியர் ஏற்றும் லொறிச் சாரதிகள் ஒப்பந்தம் வேண்டிப் போராடினர். அவர்தம் சங்கத் தலைவர் அலன் பெயர்ட், கமராக் கடை நடத்திய ஹார்வி மில்க் என்பாரின் துணையை நாடினார். மில்க் தன்பாலீர்ப்பினர், பெயர்ட் அல்லர். மதுச்சாலைகள் கூர்ஸ் பியரை விலக்கவேண்டும் என்பது பெயர்ட் கேட்ட உதவி. எம்மவர்க்கும் லொறி ஓட்டும் வேலை தருதல் வேண்டும் என்பது மில்க் கேட்ட கைம்மாறு. இரண்டும் நிறைவேறின. இங்கே பகிஷ்காரம் வெறும் விலக்கலாக நில்லாது, முன்பு ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தாரைத் தோழராக்கிற்று. வேறுபாடு இதுவே.

இனி, ஆசிரியனாகிய என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1978இல் ஜோன் பிறிக்ஸ் என்னும் செனற்றர் கலிபோர்னியாவில் 6ஆம் இலக்கப் பிரேரணையைக் கொணர்ந்தார். தன்பாலீர்ப்பினரான ஆசிரியரை மட்டுமன்றி, அவரை ஆதரித்து வெளிப்படப் பேசும் ஆசிரியரையும் வேலைநீக்கஞ் செய்ய அது வழிவகுத்தது. நண்பனின் நாவுக்கு இருந்த வலிமையைப் பகைவரே நன்கு உணர்ந்திருந்தனர் போலும்! மில்க் தம்மவரை நோக்கி, பெற்றோரிடமும் உறவினரிடமும் உடன் வேலைசெய்வோரிடமும் தாம் இன்னார் என்பதை மறையாது கூறுமாறு வேண்டினார். முன்னாள் ஆளுநர் றொனால்ட் றேகன், குறைந்த புள்ளி பெற்ற மாணவன் ஒருவன் பொய்ப்பழி சுமத்தினும் ஆசிரியரின் வாழ்வு கெடுமே என எடுத்துக்காட்டி அப்பிரேரணையை எதிர்த்தார். தொடக்கத்தில் வெல்லும் எனப் பலரும் எதிர்பார்த்த அப்பிரேரணை நவம்பர் 7ஆம் நாள், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் தோற்றது. முகமறியாத ஒரு கூட்டத்துக்கு எதிராக வாக்களித்தல் எளிது. தன் மகனுக்கோ தன் பிள்ளையின் ஆசிரியருக்கோ எதிராக வாக்களித்தல் எளிதன்று. அவ்வெற்றிக்குப் பின் மூன்று வாரமும் நிறையுமுன்னரே மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதனை எழுதுமிடத்து என் குற்றமொன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. பல்லாண்டுகளுக்கு முன் வகுப்பில் ஐம்பாற் பாகுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, மென்மையான நடையுடைய தன் தோழனைச் சுட்டி, “இவன் எந்தப் பால், ஐயா?” என்றான். வகுப்பே நகைத்தது. சுட்டப்பட்டவன் நகைக்கவில்லை, என் முகத்தையே பார்த்தான். நான் அடுத்த சூத்திரத்தைப் படிக்கச் சொன்னேன். சில நாட்களின் பின் அவன் என் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அன்று நான் பகிஷ்கரிக்கவேண்டிய பொருள் ஒன்றுமிருக்கவில்லை. சொல்லவேண்டிய சொல் ஒன்றிருந்தது. நட்புக்கென ஐந்து அதிகாரம் வகுத்த வள்ளுவரை ஆண்டுதோறும் கற்பித்த எனக்கு அந்த ஒரு சொல் வாய்க்கவில்லை.

நம் நாட்டிலும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தன்பாலீர்ப்பினரின் உறவைக் குற்றமாக்கியது. அப்பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்திலே தீர்மானித்தது. சட்டத்தின் வேலையைச் சட்டமன்றம் பார்க்கட்டும். கடையிலே எதனை விலக்குவது என்பதனை அவரவர் மனச்சான்று கூறட்டும். வகுப்பறையில் அந்நகைப்பு மீண்டும் எழுமாயின் அதனைத் தடுத்து நிறுத்தவேண்டியவர் ஆசிரியராகிய நாமே.