பழி கொழுந்தின் மேல், பழுது ரோலரில்

குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் விலை சரிந்தால் பழி முதலில் விழுவது கொழுந்தின் மேல்தான். முற்றல் இலை, காம்பு, மழை ஈரம் என்று விவசாயியிடம் காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நல்ல இலையையும் கெடுக்கக்கூடிய ஓர் இடம் பேக்டரிக்குள்ளேயே இருக்கிறது: இலையைக் கிழித்துக் குருணையாக்கும் சி.டி.சி. ரோலர்.

1930-களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய எந்திரம் இது. இரண்டு எஃகு ரோலர்கள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. மெதுவானது இலையைத் தாங்கிக் கொண்டுவர, வேகமானது கிழித்துத் தள்ளும். ஓர் அங்குலத்துக்கு 8 அல்லது 10 பற்கள். வாடிய இலை இப்படி மூன்று நான்கு ஜோடிகளைத் தாண்டி, பச்சைக் குருணையாகக் கொட்டும்.

பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாது, நசுங்கும். நசுங்கினால் சூடேறும். இலையின் செல்கள் சரியாக உடையாததால் நொதித்தலும் ஒரே சீராக நடக்காது. குருணைக்குப் பதில் செதில் செதிலாகத் தூள் வரும், டிகாஷன் நீர்த்துப்போகும். அனுபவப்பட்ட டீ மேக்கர் கடைசி ஜோடியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பார். கையில் வெதுவெதுப்பு, விரலில் தட்டையாக ஒட்டும் நார்: அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஆனாலும் சூடு என்றதும் ரோலரைக் கழற்ற ஓடக்கூடாது. இலையை அளவுக்கு மேல் கொட்டினாலும், இரண்டு ரோலரையும் தேவைக்கு மேல் நெருக்கி வைத்தாலும் சூடேறும். மோட்டாரின் ஆம்பியர் மீட்டரைப் பார்த்தால் சுமை தெரியும். ஒரு ஓரத்தில் பொடி, மறு ஓரத்தில் முரடு என்றால் ரோலர்கள் இணையாக இல்லை. பேரிங்கையும் சோதிக்க வேண்டும். ஒரே இடத்தில் பற்கள் உடைந்திருந்தால் கொழுந்தோடு கல்லோ ஆணியோ உள்ளே போயிருக்கிறது. இதற்கு மட்டும் மூட்டை கட்டியவர்களையும் கேட்கலாம்.

ஷார்ப்பனிங் என்பது அரத்தால் தேய்க்கும் வேலை அல்ல. மில்லிங்கில் சாய்வாகப் பள்ளம் வெட்டி, சேசிங்கில் சுற்றுவட்டமாக வெட்டுவார்கள். இரண்டும் குறுக்கிடும் இடத்தில் மிஞ்சுவதுதான் பல். ஒவ்வொரு முறையும் விட்டம் குறையும் என்பதால் ஜோடியைச் சேர்த்தே கடைந்து, மறுபடி இடைவெளி சரிசெய்ய வேண்டும். பிசிறு நீக்காமல் மாட்டினால் இரும்புத் துகள் தூளில் கலக்கும். அது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. சலிக்கும் இடத்தில் காந்தம் வைப்பது இதற்காகத்தான். மழுங்கிய பற்களுக்குக் காந்தம் மருந்தாகாது.

இலை குவியும் மாதங்களில் எந்திரத்தை நிறுத்த யாருக்கும் மனம் வராது. மாற்று ரோலர் ஜோடி கையில் இருந்தால் நிறுத்தும் நேரம் வெகுவாகக் குறையும். விலை சரிந்த வருடங்களில் முதலில் தள்ளிப்போடப்படும் செலவும் அந்த மாற்று ஜோடிதான். தரம் சரியில்லை என்று இலைக்கு விலை குறைக்கும் பேக்டரியில், ரோலர் எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசியாக எப்போது கடைந்தார்கள் என்ற பதிவேட்டைக் காட்டச் சொல்லி விவசாயி கேட்கலாம்.