விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பல்கலைக்கழகத்தில் உயிரியல், உயிர்மருத்துவம் போன்ற பாடங்களைப் படிக்கும் பிள்ளை இருக்கிறதா? இருந்தால், நீண்ட விடுமுறையில் அது என்ன செய்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். சுங்கை சிப்புட் கடைகளிலும் ஈப்போ பேரங்காடிகளிலும் கல்லாவில் நிற்கும் பிள்ளைகளில் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இரண்டரை மாதம் வேலை செய்தால் நாலாயிரம் வெள்ளிக்கு மேல் கைக்கு வரும். அடுத்த தவணைக்குச் சாப்பாட்டுச் செலவும் அறை வாடகையும் அதிலிருந்துதான்.

அதே இரண்டரை மாதத்தை மருத்துவ ஆய்வுக்கூடத்தில் கழிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். சம்பளமில்லாமல் போக முடிகிறவர்கள், வீட்டில் வசதி உள்ளவர்கள். மேற்படிப்புக்கு மனுப் போடும்போது பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் அவர்கள் கையில் இருக்கும். நம் பிள்ளையிடம் மதிப்பெண் மட்டும் இருக்கும். இந்த வித்தியாசம் மூளையில் வந்ததன்று. நாலாயிரம் வெள்ளியில் வந்தது.

இதை அமெரிக்காவில் வெகுநாளைக்கு முன்பே கண்டுகொண்டார்கள். கறுப்பின மக்கள், செவ்விந்தியர், ஏழைக் குடும்பங்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் ஆய்வுத்துறைக்கு வருவது குறைவாயிருந்தது. அதனால் கோடை விடுமுறையில் எட்டு முதல் பத்து வாரம் ஆய்வுக்கூடத்தில் வைத்து, சம்பளமும் கொடுத்துப் பழக்கும் திட்டங்கள் பல பல்கலைக்கழகங்களில் வந்தன. மேரிலாந்தில் உள்ள தேசிய சுகாதாரக் கழகங்கள் ஆண்டுதோறும் பெரும் எண்ணிக்கையில் மாணவர்களைச் சேர்த்து வந்தன. ஆனால் 2025இல் அரசியல் மாற்றத்தோடு அந்த ஆண்டின் கோடைப் பயிற்சி ரத்தாயிற்று. இத்தகைய வாய்ப்பு என்றைக்கும் நிலையானது என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

‘நமக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900இல் தொடங்கியது. அந்நாளில் மலாயாவைப் பிடித்தாட்டிய நோய்களில் பெரிபெரி ஒன்று. கால் வீங்கும், நடக்க முடியாமற் போகும், இதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் பிராடன் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் இந்த நோயில் விழுந்தார்கள். தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது வருவது மிக அரிது. காரணம் என்ன தெரியுமா? நம் பாட்டிமார் வடித்த புழுங்கலரிசிச் சோறு! பிராடன் இதை 1907இல் நூலாகவே எழுதினார். (வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருப்பதாக அவர் எண்ணியது வேறு கதை.) பிறகு அதே கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், ஜெலுபு பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசிக்காரர்களுக்கே நோய் வந்தது. 1909இல் முடிவு வெளியாயிற்று. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் அந்தச் சத்துக்கு இன்று வைட்டமின் பி1 என்று பெயர்.

மலேரியாவும் அப்படியே. கிள்ளானில் 1901 முதல் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டிக் கொசுவை அடக்கினார். பிறகு தோட்டங்களிலும் அந்த வேலை தொடர்ந்தது. காய்ச்சலில் செத்தவர்களும் கொயினா விழுங்கியவர்களும் நம் முன்னோர்கள்தாம். ஆய்வில் அவர்கள் பங்கு உடம்பைக் கொடுத்ததோடு நின்றுவிட்டது. பேனா பிடித்தவர்கள் வேறு.

இன்றைக்கு இனிப்பு நீர். 2019இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், 18 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகத் தெரிந்தது. மற்ற பெரிய இனங்களைவிட இது அதிகம். ஏன் நமக்கு மட்டும் இத்தனை? மரபா, சாப்பாடா, பால்மரக் காட்டு நடை போய் நாற்காலி வேலை வந்ததாலா? தாய்க்குக் காலெடுத்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இக்கேள்வியைக் கேட்கும் விதமே வேறாயிருக்கும்.

ஆய்வுக்கூடம் என்றதும் பாட்டில் கழுவும் வேலை என்று நினைக்க வேண்டாம். முதல் வாரம் பாதுகாப்புப் பாடம்: கையுறை, எந்தக் கழிவு எந்தத் தொட்டியில் என்பது. பிறகு நுண்ணளவில் திரவம் எடுக்கும் பிப்பெட்டைப் பிடிக்கப் பழக வேண்டும். அது பால்மரம் சீவுவது மாதிரி. கை பழகும்வரை ஆழமாகவோ மேலோட்டமாகவோ போய்க்கொண்டே இருக்கும். செய்ததையெல்லாம் தேதியிட்டு மையினால் நோட்டில் எழுத வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. சோதனை பத்தில் ஏழெட்டு முறை சரிவராது. தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் இங்கேதான் முதன்முதலாகத் தடுமாறும். கடைசி வாரம் கண்டதைப் பெரிய தாளில் ஒட்டி, பலர் முன்னால் நின்று விளக்க வேண்டும்.

எங்கே கேட்பது? ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தின் அறக்கட்டளைப் பணத்தில் அமெரிக்காவில் 2007இல் முதல் கோடைப் பயிற்சி நடந்தது. பிறகு ஜப்பானின் தோக்கியோ, கியோத்தோ பல்கலைக்கழகங்களும் அதில் சேர்ந்தன. சிங்கப்பூர் அரசின் ஆய்வு நிறுவனமான ஏ-ஸ்டார், அயல்நாட்டு இளங்கலை மாணவர்களுக்குச் சில மாதங்கள் உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்திருக்கிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பிள்ளை தன் விரிவுரையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உள்நாட்டிலும் தம் ஆய்வுப் பணத்திலிருந்து உதவியாளர் சம்பளம் கொடுக்கும் பேராசிரியர்கள் உண்டு. கேட்காத பிள்ளைக்கு அது தெரிய வழியில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்ட மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். பத்து மாணவர்களுக்கு இரண்டரை மாதம், மாதம் 1,700 வெள்ளி வீதம் கொடுத்தால் 42,500 வெள்ளி ஆகிறது. நம் இயக்கங்கள் ஓர் இரவு விருந்துக்குச் செலவிடும் தொகையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பெற்றோர்களே, ‘எத்தனை மாதத்தில் டாக்டராகலாம்?’ என்று கேட்காதீர்கள். இது வேறு வழி. பெண் பிள்ளை என்று தயங்கினால், தங்குமிடம் யார் பொறுப்பு, இரவில் ஆய்வுக்கூடத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மனு பெரும்பாலும் விடுமுறைக்கு நான்கைந்து மாதம் முன்பே முடிந்துவிடும். ஆகவே தீபாவளிக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போதே இந்தப் பேச்சை எடுங்கள்.