கூட்டுக்குள்ளே கேமரா... காவலுக்கு ஓர் ஊர்!

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று திருக்கடையூருக்கு வருகிறவர்கள் அபிராமி சந்நிதியைத் தரிசித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். டெல்டா வயல்களில் பொழுது சாய்ந்தபிறகு வேலைக்குக் கிளம்பும் ஒரு பறவை அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதுதான் கூகை. வெள்ளை முகமும் கறுப்புக் கண்களும் கொண்ட ஆந்தை. கோபுரப் பொந்து, பாழடைந்த கட்டடம், மரப்பொந்து என்று கிடைத்த இடத்தில் முட்டையிடும். அலறினால் அபசகுனம் என்று அதன்மேல் கல்லெறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நெற்பயிரின் தண்டை அறுத்துப்போடும் எலிகளை ராத்திரியில் பிடித்துத் தின்பது இந்தக் கூகைதான். ஆள் வைத்து, 'தஞ்சாவூர் கிட்டி' போட்டு எலி பிடிக்கும் விவசாயிக்கு இது கூலி கேட்காத துணை. ஆந்தை உட்காருவதற்கு வயலில் குச்சி நடச் சொல்லி வேளாண் வல்லுநர்கள் பரிந்துரைப்பதும் அதனால்தான்.

ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு கூகையின் கூட்டில் ஒரு கேமரா வைத்தால் என்ன? குஞ்சுக்கு அது எலி ஊட்டுவதை செல்போனில் பார்த்த பிறகும் யாராவது கல்லெடுப்பார்களா? மற்ற ஊர்களில் நடந்தவற்றைப் பார்ப்போம்.

145 அடி உயரத்தில் ஒரு குடும்பம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கிறது பிக் பேர் பள்ளத்தாக்கு. அங்குள்ள 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி' என்ற தன்னார்வ அமைப்பு, 2015-ல் ஒரு பைன் மரத்தில் கேமரா பொருத்தியது. சுமார் 145 அடி உயரத்தில் இருக்கும் வெண்தலைக் கழுகுக் கூட்டை அது நேரலையில் காட்டுகிறது. செலவுக்குக் கைகொடுப்பது பொதுமக்களின் நன்கொடை.

அந்தக் கூட்டில் வாழும் ஜோடிக்கு ஜாக்கி, ஷேடோ என்று பெயர். 2023, 2024 இரண்டு வருடமும் முட்டைகள் பொரியவில்லை. பனி கொட்டக் கொட்ட ஜாக்கி அடைகாத்ததை உலகமே பார்த்துக் கலங்கியது. 2025 மார்ச்சில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. அடுத்த சில நாள்களில் வந்த பனிப்புயலில் ஒன்று இறந்துபோனது. பார்த்தவர்கள் துடித்தார்கள். ஆனாலும் யாரும் மரமேறவில்லை. இயற்கையின் போக்கில் தலையிடுவதில்லை என்பது அங்கே விதி. மீதி இரண்டுக்கும் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் சன்னி, கிஸ்மோ என்று பெயர் வைத்தார்கள். கோடையில் இரண்டும் பறந்துவிட்டன.

மனிதக் கண்களே கேமரா

நம் நாட்டில், அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டி 'கூடு தத்தெடுப்பு' திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. இருவாச்சிக் கூடு ஒன்றைத் தத்தெடுத்து மக்கள் நன்கொடை தருகிறார்கள். அந்தப் பணம், கூடுகளைக் கண்காணிக்கும் நிஷி பழங்குடிக் காவலர்களுக்குச் சம்பளமாகப் போகிறது.

காவல் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் சின்னத் துவாரம் வழியாக ஆண் பறவைதான் மாதக்கணக்கில் பழம் ஊட்ட வேண்டும். ஆணை யாராவது சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் தாய்க்கும் குஞ்சுக்கும் சோறு போட ஆளில்லை. ஒரு காலத்தில் இருவாச்சியை வேட்டையாடியவர்களில் சிலர் இன்று அதன் காவலர்கள்.

வெளிச்சத்தைக் கொடுத்த ஊர்

சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் 2020-ல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி கூடு கட்டி முட்டையிட்டது. அதைக் கவனித்த கல்லூரி மாணவர் ஒருவர் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சுவிட்சைத் தொட்டால் குருவி பயந்துவிடும் என்று ஊர் கூடிப் பேசியது. குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கு எரியவில்லை. இருட்டில் நடந்து பழகினார்கள் ஊர்மக்கள்.

டெல்டா எதைக் கொடுக்கும்?

மூன்று இடத்திலும் கூட்டைப் பார்த்ததோடு நிற்காமல் மக்கள் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். டெல்டாவில் விட வேண்டியது முதலில் எலி விஷம். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் அந்த விஷம் ஏறும். கூட்டிலிருக்கும் குஞ்சுகளுக்கும் அதே எலிதான் போகும்.

கேமரா வைக்க நினைக்கும் ஊர்களுக்குச் சில விஷயங்கள்:

● மரப்பெட்டி செய்து, பறவை வருவதற்கு முன்பே கேமராவை உள்ளே பொருத்திவிட வேண்டும். முட்டையிட்ட பிறகு பெட்டியைத் திறக்கவே கூடாது.

● இருட்டில் பார்க்க அகச்சிவப்புக் கேமரா போதும். ஃப்ளாஷ், டார்ச் வேண்டாம்.

● கூகைக் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்ததும் கடைக்குட்டியும் உருவத்தில் ரொம்பவே வித்தியாசப்படும். இரை குறைந்தால் கடைக்குட்டி பிழைப்பது கஷ்டம். குழந்தைகளோடு பார்ப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

● 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டைக் கலைப்பதும் வேட்டைக்குச் சமம். வனத்துறையிடம் பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

● அரிய பறவை என்றால் கூடு இருக்கும் இடத்தை வெளியே சொல்லாதீர்கள். படமெடுக்க வரும் கூட்டமே கூட்டுக்கு ஆபத்து.

கேமரா வாங்க வசூல் செய்வது சுலபம். அதற்கு முன்னால், 'இந்த போகத்தில் எங்கள் வயலில் எலி விஷம் இல்லை' என்று பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்து முடிவெடுங்கள். கேமரா வருவதற்கு முன்பே கூகைக்குக் காவல் கிடைத்துவிடும்.