நீலப் பட்டு எப்படி மினுங்குகிறது?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1851-53இல் தீட்டிய டி பிராக்லி இளவரசியின் உருவப்படம் இருக்கிறது. எலெக்ட்ரானுக்கும் அலைப்பண்பு உண்டு என்று சொன்ன இயற்பியலாளர் லூயி டி பிராக்லி இந்த இளவரசியின் பேரன். ஆனாலும் கண் முதலில் போய் நிற்பது அந்த நீல சாட்டின் உடையில்தான். வெறும் வண்ணப்பூச்சில் துணி எப்படி மினுங்குகிறது?

சாட்டின் நெசவில் இழைகள் நீளமாக மேலே மிதந்து கிடக்கும். ஒளி அதிகம் சிதறாமல் ஏறக்குறைய ஒரே திசையில் திரும்பும். மடிப்பின் முகட்டில் பளீரென்ற வெண்மை, அதை ஒட்டியே கடும் இருள். ஆங்க்ர் தீட்டியது இந்தத் திடீர் மாற்றத்தைத்தான். அதைப் பளபளப்பாகப் புரிந்துகொள்வது நம் மூளை.

இருளுக்கு ஆழம் தருவது நிறமியைக் குழைக்கும் எண்ணெய். உலர்ந்த நிறமித்தூளில் துகள்களைச் சுற்றிக் காற்று இருப்பதால் ஒளி சிதறி நிறம் வெளிறும். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண் ஆளிவிதை எண்ணெய்க்குச் சுமார் 1.48, அல்ட்ராமரின் நீலத்துக்குச் சுமார் 1.5. இரண்டும் நெருங்கியிருப்பதால் ஒளி உள்ளே இறங்குகிறது, நீலம் செறிகிறது. மழையில் செம்மண் கறுப்பதும் இப்படித்தான். அக்கால ஓவியர்களின் ஈய வெள்ளைக்கோ அந்த எண் சுமார் 2. எண்ணெயில் குழைத்தாலும் அது வெண்மை இழக்காது.

எனக்குப் பெரிய வியப்பு எண்ணெயின் நிதானம். அது ஆவியாகி உலர்வதில்லை. ஆக்சிஜனை உள்வாங்கி மூலக்கூறுகள் வலையாகப் பின்னிக்கொள்ளப் பல நாள் ஆகும். உள்ளே வினை ஆண்டுக்கணக்கில் தொடரும். அந்த அவகாசத்தில்தான் ஓவியர்கள் தூரிகைத் தடமே தெரியாமல் சருமத்தின் நிறங்களை ஒன்றில் ஒன்றாக இழைத்தார்கள்.