பட்டம் வென்றது ஐஸால். அடுத்த பருவம் யாருடையது?

2017 ஏப்ரல் 30. மேகாலயாவின் ஷில்லாங் மைதானம். ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி நாள். மிசோரம் மாநிலத்தின் ஐஸால் கிளப்புக்குத் தேவை ஒரே ஒரு புள்ளி. எதிரணியான ஷில்லாங் லாஜோங் தொடக்கத்திலேயே கோல் அடித்துவிட்டது. அதே நேரத்தில் கொல்கத்தாவில் மோகன் பகான் அணி சென்னை சிட்டியோடு ஆடிக்கொண்டிருந்தது. அங்கே மோகன் பகான் வென்று, இங்கே ஐஸால் தோற்றால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். இரண்டாம் பாதியில் வில்லியம் லால்னுன்ஃபெலா சமன் செய்தார். ஆட்டம் 1-1 என முடிந்தது. ஐஸால் 37 புள்ளிகள், மோகன் பகான் 36.

வடகிழக்கு மாநிலங்களிலிருந்து தேசிய லீக் பட்டத்தை வென்ற முதல் கிளப் அதுதான். 2011 கணக்கெடுப்பின்படி மிசோரமின் மொத்த மக்கள்தொகை சுமார் 11 லட்சம். நம்மூர் மாவட்டங்கள் பலவற்றில் அதைவிடக் கூடுதலான மக்கள் இருக்கிறார்கள். அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் பழங்குடியினர். நூறாண்டு வரலாறும் பெரும் பணமும் கொண்ட கொல்கத்தா கிளப்புகளை இந்தச் சிறிய மலைநாடு பின்னுக்குத் தள்ளியது.

இன்னொரு சங்கதி. அதற்கு முந்தைய பருவத்தில் இதே ஐஸால் லீக்கிலிருந்து தரமிறக்கப்பட்ட அணி. கால்பந்து சம்மேளனத்தின் புதிய திட்டத்தை எதிர்த்துக் கோவா கிளப்புகள் விலகிக்கொண்டதால் காலியான இடத்தில்தான் ஐஸால் திரும்ப அழைக்கப்பட்டது. மும்பையில் வேலை இழந்திருந்த காலித் ஜமீல் பயிற்சியாளராக வந்தார். சிரியா நாட்டு மஹ்மூத் அல் அம்னா நடுக்களத்தைப் பார்த்துக்கொண்டார். மற்றபடி மிசோ இளைஞர்கள்தான் அணியின் முதுகெலும்பு. ஏப்ரல் 22 அன்று சொந்த மண்ணில், மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோலை அடித்த ஜோமிங்லியானா ரால்டே அவர்களில் ஒருவர்.

ஊர் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்ததும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அடுத்த பருவத்திலும் இது நடக்குமா?

அடுத்த பருவம் தொடங்கும் முன்பே பதில் பாதி தெரிந்துவிட்டது. காலித் ஜமீல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குப் போனார். அல் அம்னாவும் அங்கே போனார். லால்ரம்சுல்லோவா, லால்டன்மாவியா ரால்டே, பிரான்டன் வன்லால்ரெம்டிகா ஆகிய மிசோ வீரர்களும் அங்கேயே போனார்கள். ஜெயேஷ் ரானே உள்ளிட்ட வேறு சிலர் வேறு கிளப்புகளுக்குப் பிரிந்தார்கள். 2017-18 பருவத்தில் ஐஸால் ஐந்தாவது இடம் பிடித்தது.

போனவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஒரு கால்பந்து வீரரின் சம்பாதிக்கும் காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். முழங்கால் ஒருமுறை முறிந்தால் அதுவும் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கூடுதல் சம்பளம் வந்தால் போகத்தான் வேண்டும். கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. விதைத்தவருக்கும் வளர்த்தவருக்கும் அறுவடையில் என்ன பங்கு? ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர் இடம் மாறினால் பழைய கிளப்புக்கு மாற்றுத்தொகை வராது. பணமில்லாத கிளப்புகள் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தமே போடுகின்றன. ஆகவே பட்டம் வெல்லும் ஆண்டுதான் அவர்கள் அணியை இழக்கும் ஆண்டாகவும் ஆகிவிடுகிறது.

‘இது எல்லா நாட்டிலும் நடப்பதுதானே’ என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். இங்கிலாந்தில் 2016-ல் பட்டம் வென்ற சிறிய கிளப் லெஸ்டர் சிட்டி, உடனே என்கோலோ கான்டேயைச் செல்சீ கிளப்பிடம் இழந்தது. மறு பருவத்தில் 12-வது இடத்துக்கு இறங்கியது. ஆனால் லெஸ்டருக்கு வீரரை விற்ற பணம் வந்தது, தொலைக்காட்சிப் பணம் வந்தது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் கதவு திறந்து, கால் இறுதி வரை போனது. வென்றவருக்கு மேலே போக ஒரு படி இருந்தது.

ஐஸாலுக்கு அந்தப் படியே இல்லை. 2017-18 பருவத்திலிருந்து ஐ-லீக்கும் இந்தியன் சூப்பர் லீக்கும் ஒரே நேரத்தில் நடந்தன. பெரிய முதலாளிகள், நட்சத்திர விளம்பரம், தொலைக்காட்சி வெளிச்சம் எல்லாம் சூப்பர் லீக் பக்கம். அதற்குள் நுழைய வேண்டியது புள்ளிகள் அல்ல, பல கோடி ரூபாய் கட்டணம். நாட்டின் சாம்பியன் வாசலுக்கு வெளியே நின்றது. எங்களையும் சேருங்கள் என்று கிளப் போராடியும் பயன் இல்லை. திறமையால் வென்றவனிடம் ‘உனக்கு இங்கே இடமில்லை’ என்று சொல்லும் வாசல்களை நாம் நன்றாகவே அறிவோம்.

ஐஸாலோடு இது முடியவில்லை. 2018-ல் பட்டம் வென்ற மினர்வா பஞ்சாப் மறு பருவத்தில் பட்டியலின் அடிப்பகுதிக்குப் போனது. 2019-ல் கோவையைச் சொந்தக் களமாக வைத்து ஆடிய நம் சென்னை சிட்டி 43 புள்ளிகளோடு சாம்பியன் ஆனது. 42 புள்ளிகள் எடுத்த ஈஸ்ட் பெங்கால் இரண்டாம் இடம். அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி, அடுத்த பருவத்தின் நடுவிலேயே ஜப்பான் கிளப்புக்குப் போய்விட்டார். சென்னை சிட்டி முதல் ஐந்து இடங்களுக்குள்கூட வரவில்லை. மூன்று ஆண்டுகள், மூன்று சிறிய கிளப்புகள், ஒரே கதை.

ஐ-லீக் சாம்பியன் சூப்பர் லீக்குக்கு உயர்த்தப்படும் முறை 2023-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்படி முதலில் உயர்ந்தது பஞ்சாப். மினர்வாவாக இருந்து, பெரிய நிறுவனத்தின் கைக்கு மாறிய அதே கிளப். 2018-ல் வென்றபோது திறக்காத கதவு 2023-ல் திறந்தது. ஐஸாலுக்கு அது ஆறு ஆண்டு தாமதம்.

அப்படியானால் சிறியவர்களின் வெற்றி ஒருநாள் கூத்தா? இல்லை. மிசோரமைக் கவனியுங்கள். 2012-லேயே சொந்த மாநில லீக் தொடங்கினார்கள். உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி அதை நேரடியாக ஒளிபரப்பியது. 2014-ல் சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றார்கள். ஐஸாலின் பட்டம் அந்த நாற்றங்காலில் முளைத்தது. பட்டம் கைவிட்டுப் போன பிறகும் நாற்றங்கால் காயவில்லை. இந்திய அணியின் லால்லியன்சுவாலா சாங்தே அந்த மண்ணின் பிள்ளைதான். வேலையற்று ஐஸாலுக்கு வந்த காலித் ஜமீல் 2025-ல் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார்.

ஆகவே ஒரு சிறிய அணி வென்றால், ‘அடுத்த பருவமும் வெல்வார்களா’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆடிய பதினொரு பேரில் எத்தனை பேருக்கு இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது? வீரர் போனால் வளர்த்த கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு கிடைக்கிறதா? வென்றவர் மேலே போகப் படி இருக்கிறதா? கீழே பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஆடுவதற்கு ஆண்டு முழுக்கப் போட்டி நடக்கிறதா?

இந்த நான்குக்கும் ‘ஆம்’ என்ற பதில் கிடைக்கும் ஊரில், கோப்பை ஒருமுறை போனாலும் திரும்பி வரும்.