கட்டளை ஏவுதலும் கணக்குக் கேட்டலும்

கந்தோரொன்றின் தலைமை எழுதுவினைஞர் தாம் எழுதிய கடிதத்தைத் தாமே தபாற்கந்தோருக்குக் கொண்டு செல்வதில்லை. பியோனை அழைத்து, கடிதத்தையும் முத்திரைக்குரிய காசையும் கையிற் கொடுத்து அனுப்புகின்றார். அவர் மீண்டு வந்து, பதிவு செய்தாயிற்று என்று பற்றுச்சீட்டை நீட்டிய பின்னரே அவ்விடயம் முடிந்ததெனக் கோவையிற் குறிக்கின்றார். கணினிச் செய்நிரல்களின் உலகிலும் இத்தகைய ஏவலும் விடைகேட்டலும் இடையறாது நடைபெறுகின்றன. படத்தைச் சுருக்குவதற்கும், கோப்புகளைப் பொதிசெய்வதற்கும், எழுத்துகளை அச்சுக்கேற்பக் கோப்பதற்கும் வல்லோர் முன்னரே ஆக்கிவைத்த செய்நிரல்கள் பலவுள. அவற்றையெல்லாம் புதிதாக எழுதப் புகுவது வீண்வேலை. நம் செய்நிரலின் உள்ளிருந்தே அவற்றை ஏவி, அவை தரும் பயனைப் பெற்றுக்கொள்வதே அறிவுடைமை.

ஏவுவது எளிது. ஏவிய பின் கணக்குக் கேட்பதிலேதான் பலரும் தவறுகின்றனர். நாமும் தவறினோம். இம்மலரையொட்டி இணையத்தில் வெளியிடுதற்கெனப் பழைய மாணவர் பலர் தம் வீடுகளிலிருந்த நிழற்படங்களை உவந்து தந்தனர். அவற்றை வருடியிற் பதிந்து பெரிய கோப்புகளாகக் கணினியிற் சேர்த்தோம். பின்னர் ஒரு சிறு செய்நிரலை எழுதினோம். அது கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, படஞ்சுருக்கும் வெளிச்செய்நிரல் ஒன்றை ஏவி, சிறிய பிரதியைப் பென்ட்ரைவில் எழுதுவித்து, அதன்பின் பெரிய கோப்பை அழித்துவிடும். கணினியில் இடம் போதாதென்ற கவலையே அழிக்கப் பணித்தமைக்குக் காரணம். இரவு அதனை இயக்கிவிட்டு உறங்கச் சென்றோம். நடுவழியிற் பென்ட்ரைவ் நிரம்பிற்று. சுருக்குஞ் செய்நிரல் தன் கடமையில் வழுவாது, இடமில்லை என்று ஒவ்வொரு முறையும் அறிவித்தது. அதனைச் செவிமடுக்குமாறு நம் செய்நிரலுக்கு நாம் கற்பிக்கவில்லை. விடிந்தபோது 61 படங்களின் பெரிய கோப்புகள் அழிந்திருந்தன. பென்ட்ரைவில் அவற்றின் பெயர் தாங்கிய வெறுங்கோப்புகள் கிடந்தன. பழி முழுவதும் எம்முடையதே. இக்கட்டுரை அப்பழியிலிருந்து பிறந்தது.

இன்று நாம் கையாளும் ஏவல்முறை யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலிருந்து வந்தது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலானோர் பி.டி.பி.-7 என்னும் சிறு கணினியில் அதனைத் தொடங்கினர். சாவிப்பலகையில் நாம் எழுதும் கட்டளையை வாசித்து, உரிய செய்நிரலை அழைக்கும் இடையாளுக்கு ஷெல் என்று பெயர். ஆதியில் அந்த ஷெல்லின் நிலை இரங்கத்தக்கது. ஒரு கட்டளை வந்ததும் அதற்குரிய செய்நிரல், நினைவகத்தில் ஷெல் இருந்த இடத்தின்மேலேயே ஏற்றப்படும், ஷெல் அழிந்துபோகும். வேலை முடிந்ததும் வட்டிலிருந்து புதிய ஷெல்லைக் கொணர்ந்து இருத்துவர். பியோனை அனுப்புதற்கென எழுதுவினைஞர் தம் நாற்காலியையே அவருக்கு ஈந்து மறைந்துவிடுவது போன்றது இது.

இக்குறையை நீக்கவே ‘ஃபோர்க்’ என்னும் அழைப்பைச் சேர்த்தனர். பேர்க்கிலி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உருவான நேரப்பகிர்வு முறைமையொன்றில் அதற்கு முன்னோடி இருந்தது. ஃபோர்க் என்பது மரக்கிளை கவர்விடுதல் போன்றது. இயங்கிக்கொண்டிருக்கும் செயன்முறையொன்று தன்னை முற்றும் ஒத்த பிரதியொன்றைப் படைக்கின்றது. மூலம் தாய் எனவும் பிரதி சேய் எனவும் வழங்கப்பெறும். இரண்டும் ஒரே வரியிலிருந்து தம் பணியைத் தொடர்கின்றன; ஆயினும் தாய்க்குச் சேயின் இலக்கமும் சேய்க்குப் பூச்சியமும் விடையாகக் கிடைப்பதால் தாம் இன்னார் என்பதை அவை அறிந்துகொள்கின்றன. பின்னர்ச் சேய் ‘எக்ஸெக்’ என்னும் அழைப்பால் தன் உள்ளீட்டை முழுதும் களைந்து, ஏவப்பட்ட செய்நிரலாக மாறிவிடுகின்றது. பி.டி.பி.-7இல் இந்த ஃபோர்க்கை எழுத 27 வரிகளே போதியனவாயிருந்தன என்று றிச்சி பதிந்துள்ளார்.

அவர் கூறும் மற்றொரு செய்தி மாணவர் கருத்தூன்றத்தக்கது. புதிய ஏற்பாடு இயங்கியதைக் கண்டு மகிழ்ந்திருந்தபோது, இருக்கும் கோப்புறையை மாற்றும் கட்டளை மட்டும் பயனற்றுப்போனது தெரியவந்தது. காரணம் யாதெனில், அக்கட்டளையை ஏற்ற சேய் தன் இடத்தை மாற்றிக்கொண்டு உடனே மறைந்தது; தாயாகிய ஷெல்லோ இருந்த இடத்திலேயே இருந்தது. மகன் கொழும்புக்குச் சென்றதனால் தாய் கொழும்பிற் குடியேறியவள் ஆகாள் அன்றோ? ஆகவே அக்கட்டளையை மட்டும் ஷெல் தானே செய்யுமாறு விதித்தனர். இன்றும் அவ்வாறே. செய்நிரலுள் ஏவிய கட்டளையால் கோப்புறை மாறவில்லையே என்று திகைக்கும் மாணவரை இன்றும் காண்கின்றோம்.

படைத்தலும் மாறுதலும் இரு வேறு செயல்களாக இருப்பதன் சிறப்பு, அவற்றின் இடைவெளியிலேயே உள்ளது. அவ்விடைவெளியிற் சேய் தன் விடை செல்ல வேண்டிய கோப்பைத் திறந்துகொள்ளலாம், இடத்தை மாற்றிக்கொள்ளலாம், வேண்டாத உரிமைகளைக் கைவிடலாம். விண்டோஸ் முறைமையில் இவையனைத்தையும் ஒரே அழைப்பில், நீண்ட விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது போல, முன்கூட்டியே கூறவேண்டும். 2019இல் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தினரும் பல்கலைக்கழகத்தினருமான ஆய்வாளர் சிலர், ஃபோர்க் இக்காலத்துப் பெருஞ்செய்நிரல்களுக்கு ஒவ்வாததென்றும் அதனைக் கைவிடுதல் வேண்டுமென்றும் வாதித்தனர். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் 27 வரிகளின் எளிமையை எம்மால் வியவாதிருக்க இயலவில்லை.

இனி, கணக்குக் கேட்டலுக்கு வருவோம். சேய் முடிவுறும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்கின்றது. பூச்சியமெனின் வெற்றி, வேறெந்த எண்ணாயினும் ஏதோ குறை. பள்ளிக்கூடத்திற் பூச்சியம் பெற்று அடிவாங்கியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். வெற்றி ஒருவகை, தோல்வியோ பலவகை என்பதே இதன் நியாயம். ஷெல் வழியாக ஏவும்போது 127 என வந்தால் அப்பெயரில் ஒரு கட்டளையே இல்லை. 126 எனின் கோப்பு உண்டு, இயக்க இயலவில்லை. 137 எனின், 128உடன் 9ஐக் கூட்டியதாகும், அதாவது 9ஆம் இலக்கச் சைகையாற் கொல்லப்பட்டது என்பது பொருள். இவ்வெண்ணுக்கு எட்டு இருமக்கூறுகளே ஒதுக்கப்பட்டுள்ளமையால் 0 முதல் 255 வரையே இடமுண்டு. கண்ட பிழைகளின் தொகையையே முடிவெண்ணாகத் தரும் செய்நிரலொன்று சரியாக 256 பிழைகளைக் கண்டால், பிழையே இல்லையென்று சாதிக்கும்!

இவ்வெண்ணைத் தாய் ‘வெயிற்’ என்னும் அழைப்பாற் பெற்றுக்கொள்ள வேண்டும். பெறாவிடின், சேய் இறந்தும் அதன் பெயர் ஏட்டிலிருந்து நீங்காது. பணிசெயல் முறைமை அந்தச் சிறு குறிப்பை உரியவர் கேட்கும் வரை காத்துவைத்திருக்கும். இந்நிலையிலுள்ளதை ஸொம்பி என்பர், அதாவது நடைப்பிணம். ஒன்றிரண்டினால் தீங்கில்லை, மாதக்கணக்காய் ஓயாது இயங்கும் செய்நிரலொன்று இவற்றைப் பெருக்கிக்கொண்டே போனால் செயன்முறை இலக்கங்கள் தீர்ந்துவிடும். லினக்ஸில் நெடுங்காலம் 32,768 என்பதே இயல்பான எல்லையாக இருந்தது. தாய் முந்தி இறப்பின், அநாதையான சேயை முதலாம் இலக்கச் செயன்முறை தத்தெடுத்து அதன் கணக்கை முடித்துவைக்கும்.

ஏவப்பட்டது எண்ணை மட்டுமன்றிச் சொற்களையும் தரும். அவற்றைக் கொண்டுவருவது குழாய். ஒரு செய்நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாகப் பொருத்தலாம் என்னும் கருத்தை டக்ளஸ் மக்கில்றோய் 1964இலேயே தோட்டத்து நீர்க்குழாயை உவமைகாட்டி எழுதிவைத்தார். 1973இல் வெளிவந்த யுனிக்ஸ் கைந்நூலின் மூன்றாம் பதிப்பில் அது இடம்பெற்றது. இக்குழாயின் கொள்ளளவு எல்லையுடையது என்பதை மறத்தலாகாது. இன்றைய லினக்ஸில் அது இயல்பாக 65,536 பைற்றுகள். குழாய் நிரம்பினால் எழுதும் சேய், இடம் உண்டாகும் வரை நின்றுவிடும். தாயோ குழாயிலிருந்து வாசிக்காமல், முதலிற் சேய் முடியட்டும் என்று வெயிற் அழைப்பிற் காத்திருந்தால் யாது நிகழும்? வாசித்தால்தான் சேய் முடியும். முடிந்தால்தான் தாய் வாசிக்கும். இருவரும் வாயிலில் நின்று, நீர் முதலிற் செல்லுக என்று உபசரித்துக்கொண்டே நாளைக் கழிப்பது போலாகும். சிறிய உதாரணங்களில் இக்குறை வெளிப்படாது. விடை பெருகிய அன்றே தோன்றும். விடைக்கும் பிழைச்செய்திக்கும் வெவ்வேறு குழாய்கள் உண்டாதலால், இரண்டையும் ஒருங்கே வாசித்து வருதல் வேண்டும்.

இதுவரை கூறியவை கவனக்குறைவால் வருபவை. இனிக் கூறப்போவது பிறர் வஞ்சத்தால் வருவது. சீ மொழியில் ‘சிஸ்டம்’ என்னும் அழைப்புண்டு. முழுக் கட்டளையையும் ஒரே வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் அதனை ஷெல்லிடம் ஒப்படைத்துவிடும். வசதியானதே. ஆனால், ஷெல் சொற்களை இடைவெளியாற் பிரிப்பது. அரைப்புள்ளியைக் கண்டால் ஒரு கட்டளை முடிந்து மற்றொன்று தொடங்குவதாகக் கொள்வது. ‘பரிசளிப்பு விழா’ என்று இடைவெளியுடன் பெயரிட்ட கோப்பு அதற்கு இரு கோப்புகள். பெயரின் நடுவே அரைப்புள்ளியிட்டு, அதன்பின் எல்லாவற்றையும் அழிக்குமாறு கட்டளை எழுதி ஒருவர் நம் தளத்துக்கு ஒரு கோப்பை அனுப்பினால், ஷெல் அக்கட்டளையையும் பணிவுடன் நிறைவேற்றும். 2016இல் இமேஜ்மஜிக் என்னும் புகழ்பெற்ற படச்செய்நிரலில் வெளிப்பட்ட குறை இவ்வகையினதே: படத்தினுள் எழுதப்பட்டிருந்த முகவரியை உரியவாறு வடிகட்டாது வெளிக்கட்டளைக்குள் இட்டமையால், படத்தை அனுப்பியவர் அக்கணினியில் தாம் விரும்பிய கட்டளையை இயக்க இயன்றது. அதற்கு முன் 2014 செப்ரெம்பரில் பாஷ் என்னும் ஷெல்லிலேயே ஒரு குறை வெளிப்பட்டது. ஏவுவோர் சேய்க்குக் கையளிக்கும் சூழல்மாறிகளில் ஒன்றின் வாலிற் கட்டளையை ஒட்டிவைத்தால், பாஷ் கண்விழித்ததும் அதனை இயக்கிவிடும். 1989 முதல் எவர் கண்ணிலும் படாது அங்கேயே இருந்த குறை அது.

இதற்குப் பரிகாரம் ஷெல்லை இடையில் அழையாமையே. கட்டளையின் பெயரையும் அதற்குரிய சொற்களையும் தனித்தனியே நிரைப்படுத்தி நேரே கையளித்தால், அரைப்புள்ளியும் இடைவெளியும் வெறும் எழுத்துகளாகவே நிற்கும். பைதன் மொழியில் 2004இல் வெளிவந்த 2.4ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட ‘சப்புரோசெஸ்’ என்னும் தொகுதி இவ்வழியையே இயல்பாகக் கொண்டது. நன்று. ஆனால் அத்தொகுதியின் ‘ரன்’ என்னும் அழைப்பு, நாம் கேட்டாலன்றி, தோல்வியை உரத்துச் சொல்லாது. எண்ணைக் கொணர்ந்து வைத்துவிட்டு வாளாவிருக்கும். இவ்வியல்பு தலைகீழாக அமைந்திருத்தல் வேண்டும் என்பது, 61 படங்களைப் பறிகொடுத்த எமது தாழ்மையான அபிப்பிராயம்.

ஏவியது திரும்பவே இல்லையெனின் காலவரையறை விதிக்க வேண்டும். அவ்வரையறை கடந்ததும் முதலில் 15ஆம் இலக்கச் சைகையை அனுப்புவது முறை. அது பெற்றவர், திறந்த கோப்புகளை மூடி விடைபெற வழியுண்டு. இணங்காவிடின் 9ஆம் இலக்கம். அதனைத் தடுக்கவோ மறுக்கவோ எச்செய்நிரலாலும் இயலாது. ஏவப்பட்டவர் தாமும் வேறொருவரை ஏவியிருத்தல் கூடும். சேயை மட்டும் நிறுத்தினால் பேரப்பிள்ளை குழாயின் முனையைப் பற்றியபடி இயங்கிக்கொண்டிருக்க, தாய் அக்குழாய் மூடப்படும் என்று காத்திருப்பாள். ஆதலாற் சேயைத் தொடக்கத்திலேயே தனிக்குழுவாக அமைத்து, நிறுத்தும்போது குழு முழுவதற்கும் சைகை அனுப்புதல் நன்று.

எமது செய்நிரலை மீண்டும் எழுதினோம். இப்பொழுது அது முடிவெண் பூச்சியந்தானா என்று பார்க்கின்றது. சிறிய பிரதி வெறுங்கோப்பன்று என்பதை உறுதிசெய்கின்றது. அழித்தலை அறவே விட்டொழித்துப் பெரிய கோப்பை வேறொரு வட்டுக்கு மாற்றுகின்றது. இழந்த 61இல் 58 படங்களை உரியவர்கள் மனங்கோணாது இரண்டாம் முறையும் தந்துதவினர். எஞ்சிய மூன்றின் மூலப்படங்கள் உரியவர் வீடு மாறியபோது தவறிவிட்டன. அவற்றுள் ஒன்று 1958ஆம் ஆண்டுத் துடுப்பாட்ட அணியினது. மற்றிரண்டும் விடுதிச் சாலையில் எடுத்த பொங்கல் விழாப் படங்கள். இவற்றின் பிரதி எவரிடமேனும் இருப்பின் மலர்க்குழுவினருக்கு அறியத்தருமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.