கடன் இல்லாத கிறிஸ்துமஸுக்கு ஆடியிலேயே கணக்கு

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் களத்துக்கு வருவது மாசி, பங்குனியில். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மானாவாரியில் உளுந்தும் பாசியும் பணமாக மாறத் தை ஆகிவிடும். பருத்தியும் மிளகாயும் அதற்கும் பிறகுதான். ஆனால், கிறிஸ்துமஸ் வருவதோ மார்கழி 10-ம் தேதி வாக்கில். உழவு, விதை, நடவு, களை, உரம் என எல்லாச் செலவும் முடிந்து, வரவு எதுவும் கைக்கு வராத நேரம் அது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் கிறிஸ்தவ விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் பண்டிகைக் கடன் ஆடம்பரத்தால் மட்டும் வருவதில்லை. பண்டிகைக்கும் அறுவடைக்கும் இடையே விழும் இந்த இரண்டு மாத இடைவெளியாலும் வருகிறது. பண்டிகைத் தேதியை மாற்ற முடியாது. அறுவடையை முன்னால் இழுக்கவும் முடியாது. எனவே, பண்டிகைப் பணத்தையும் ஒரு பயிர்போல முன்கூட்டியே விதைத்தாக வேண்டும்.

வட்டி தின்னும் உரம்

நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 15,000 ரூபாய் வாங்கினால், மாத வட்டி 450 ரூபாய். அறுவடை வரையிலான மூன்று மாதத்துக்கு 1,350 ரூபாய். அது 50 கிலோ டி.ஏ.பி. ஒரு மூட்டையின் விலை. அசலைக் கட்ட முடியாமல் அடுத்த கிறிஸ்துமஸ் வரை இழுத்தால் வட்டி மட்டும் 5,400 ரூபாய், அதாவது நான்கு மூட்டை. அசல் அப்படியே நிற்கும்.

இழப்பு அதோடு முடிவதில்லை. அறுவடை முடிந்ததும் முதலில் வந்து நிற்பவர் வட்டிக்குக் கொடுத்தவர். அவருக்குக் கொடுத்தபின் கூட்டுறவுச் சங்கத் தவணை தவறுகிறது. சங்கத்துப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் விவசாயிக்கு வட்டி இல்லை. கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், விளைச்சலை அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டியிருக்கும். மேலுரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் கை வைப்பதும் கடனுக்குச் சமம்தான். கதிர் உருவாகும் பருவத்தில் கொடுக்க வேண்டிய தழைச்சத்தைத் தவறவிட்டால், அந்த நஷ்டம் களத்தில் தெரியும்.

பாதியாகும் செலவு

ஒரு குடும்பத்தின் கணக்கை இப்படி வைத்துப் பார்க்கலாம். புத்தாடை 6,000, கறி 3,000, பலகாரம் 2,500, நட்சத்திரம், விளக்கு, பட்டாசு 2,000, ஆலயக் காணிக்கை மற்றும் கேரல் குழுவுக்கு 1,500. மொத்தம் 15,000 ரூபாய்.

இதில் காணிக்கையைக் குறைக்க வேண்டியதில்லை. போன வருட நட்சத்திரத்தையும் விளக்கையும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தால் 500 ரூபாய் போதும். வீட்டு அரிசியை இடித்து, இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே சட்டியில் முறுக்கும் அதிரசமும் சுட்டால், பலகாரம் 1,500-க்குள் அடங்கும். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் முதலில் எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு எளிமையாக எடுத்தால், துணி 4,000-ல் முடியும். கறி வீட்டிலேயே வளர்ந்தால் மொத்தச் செலவு 7,500 ரூபாய்தான்.

ஆடியில் அடை, மார்கழியில் கறி

ஜூலை நடுவில் ஒரு நாட்டுக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை அடை வைத்தால், 21 நாளில், ஆகஸ்ட் முதல் வாரத்தில் குஞ்சு பொரியும். கிறிஸ்துமஸுக்கு அவற்றின் வயது 20 வாரம். கழிவு போக ஐந்தாறு கோழி நின்றாலும் பண்டிகைக்குப் போதும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் தடுப்பூசியும் கட்டாயம் தேவை. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

மீதி 7,500 ரூபாய்க்கு ஆடி முதல் 22 வாரம் இருக்கிறது. பால், முட்டை, கீரை விற்ற காசில் வாரம் 350 ரூபாய் ஒதுக்கினால் 7,700 ரூபாய் சேரும். அதை மகளிர் குழுச் சேமிப்பிலோ வங்கிக் கணக்கிலோ வைப்பது நல்லது. பதிவில்லாத பண்டிகைச் சீட்டில் போட்டு ஏமாந்தால், கேட்பதற்கு ரசீதுகூட இருக்காது.

தலைக் கிறிஸ்துமஸ்

மகளைக் கட்டிக்கொடுத்த முதல் வருடம்தான் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது. மருமகனுக்குத் துணியும் விருந்தும் கிறிஸ்துமஸுக்குச் செய்துவிட்டு, மோதிரத்தை ஈஸ்டருக்குத் தள்ளி வைக்கலாம். ஈஸ்டர் வருவது மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ. அதற்குள் பிசான நெல் விற்ற பணம் பெரும்பாலும் கைக்கு வந்திருக்கும். சம்பந்தி வீட்டாரும் விவசாயக் குடும்பம் என்றால், முன்கூட்டியே மனம்விட்டுச் சொல்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இந்த வருடம் காலம் கடந்துவிட்டதா?

கையில் ஒன்றும் இல்லாதவர்கள் கடனுக்குப் போகுமுன் தொழுவத்தைப் பார்க்க வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் எட்டயபுரம், மேலப்பாளையம் சந்தைகளில் கிடாவுக்குக் கிராக்கி இருக்கும். எப்படியும் விற்கப்போகும் கிடாவை அப்போது எடைபோட்டு விற்பது, வட்டிக்கு வாங்குவதைவிட எவ்வளவோ மேல். சினை ஆட்டையும் கறவை மாட்டையும் மட்டும் விற்கக் கூடாது. அவை அடுத்த வருட வருமானம்.

ஏற்கெனவே கந்துவட்டி, மீட்டர் வட்டியில் சிக்கியவர்கள், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காமல் இருப்பதே முதல் படி. 2003-ம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி அப்படி வசூலிப்பது குற்றம். காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளிலோ மனு கொடுக்கலாம். கட்டிய தொகையையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் மனுவுக்கு வலு சேரும்.

அதே நோட்டில், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே இந்த வருடச் செலவையும் எழுதி வைத்துவிட்டால், வரும் ஆடியில் எத்தனை முட்டை அடை வைக்க வேண்டும், வாரம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.